செயற்பாட்டுப் பிரதேசத்தை வரையறுத்தல்: திருப்பூரும் நொய்யலும் கற்பிக்கும் பாடம்

கிராம அபிவிருத்திக்குத் திட்டம் வகுக்குமுன் தீர்மானிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. அத்திட்டம் எந்த எல்லைக்குள் அடங்குவது என்பதே அது. கிணறு வெட்டுவதற்கு ஒரு தோட்டம் போதும். ஆரம்பப் பள்ளிக்கூடம் கட்டுவதற்கு ஒரு கிராமம் போதும். சந்தை, சாலை, ஆற்றுநீர், தொழிற்சாலைக் கூலி ஆகியவற்றைக் குறித்துத் திட்டமிடுங்கால் ஒரு கிராமம் போதாது. சில சமயங்களில் ஒரு ஜில்லாவும் போதாது. எல்லையைத் தவறாக வரைவதால் விளையும் நஷ்டத்தைத் திருப்பூருக்குக் கீழ்ப்புறமுள்ள நொய்யல் பாசனக் கிராமத்தார் அனுபவித்து அறிந்தவர். ஆகையால், ஐக்கிய சங்க அங்கத்தினர் இப்பொருளைக் கற்றிருத்தல் மிகவும் அவசியம்.

1. பிரதேசம் இருவகைப்படும்

மண், மழை, பயிர் முதலியவை எங்கும் ஒரே தன்மையாயிருக்கும் நிலப்பரப்பு ஒருசீர்ப் பிரதேசம் எனப்படும். காங்கேயம், தாராபுரம் பக்கங்களில் கிளுவை வேலி சூழ்ந்து, கொழுக்கட்டைப் புல் முளைத்து, காங்கேயம் மாடுகள் மேயும் கொறங்காட்டுப் பகுதி இதற்கு நல்ல உதாரணம்.

மற்றொரு வகை செயற்பாட்டுப் பிரதேசம். இதில் அடங்கிய ஊர்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கவேண்டுவதில்லை. ஓர் ஊரில் பருத்தி விளையலாம். மற்றொன்றில் தறி ஓடலாம். வேறொன்றில் வியாபாரம் நடக்கலாம். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் குடத்தில் வந்து கூடுவதுபோல, அவை கொடுக்கல் வாங்கலாலும் போக்குவரத்தாலும் ஒரு நடு ஊருடன் கூடியிருக்கும். அக்கூட்டுறவே அப்பிரதேசத்தின் எல்லையை நிர்ணயிக்கிறது.

1933-ஆம் ஆண்டில் வால்டர் கிறிஸ்டாலர் என்னும் ஜெர்மன் அறிஞர், தென் ஜெர்மனியின் ஊர்களை ஆராய்ந்து இக்கருத்தை ஒரு சாஸ்திரமாக வகுத்தார். அடிக்கடி வேண்டப்படும் பொருளுக்கு மக்கள் அருகிலுள்ள சிற்றூரையும், அபூர்வமாக வேண்டப்படுவதற்குத் தூரத்திலுள்ள பெருநகரையும் நாடுவர் என்பது அவருடைய முடிவு. உப்புக்கு ஊர்க்கடை, காய்கறிக்கு வாரச்சந்தை, கலியாணப் புடவைக்குப் பட்டணம் என்று கிராமத்தார் அறிந்து நடக்கும் வழக்கமும் இதுவே.

2. திருப்பூரின் எல்லை எது?

பனியன் தொழிலின் அமைப்பு இதைத் தெளிவாக்கும். வெளியூர்ப் பருத்தி கோயமுத்தூர், பல்லடம், உடுமலைப்பேட்டை முதலிய இடங்களின் மில்களில் நூலாகிறது. அந்நூல் திருப்பூரில் பின்னப்பட்டுத் துணியாகி, சாயமேறி, வெட்டப்பட்டு, தைக்கப்பட்டு, தேய்த்து மடிக்கப்பட்டுத் தூத்துக்குடித் துறைமுகம் முதலிய வழிகளில் அந்நிய நாடுகளுக்குச் செல்கிறது. இவ்வேலைகள் யாவும் ஒரே கூரையின்கீழ் நடப்பது குறைவு. பின்னுபவர் ஒருவர், சாயமிடுபவர் ஒருவர், தைப்பவர் ஒருவர் என்று கூலிக்குச் செய்து கொடுப்பதே பெரும்பான்மை. ஆகையால் ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுவதும் நின்றுவிடும்.

வேலையாட்களும் நகரவாசிகள் மட்டுமல்லர். அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி, காங்கேயம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி வண்டிகளிலும் பஸ்களிலும் வந்து திரும்புவோர் மிகப் பலர். 2011-ஆம் ஆண்டு ஜனக் கணக்கில் மாநகராட்சியின் அக்கால எல்லைக்குள் இருந்தோர் ஏறக்குறைய 4,44,000 பேர். நகரோடு ஒட்டி வளர்ந்த சுற்றூர்களையும் சேர்த்தாலோ தொகை 9,60,000-ஐத் தாண்டிற்று. அதாவது, உண்மையான நகரத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் சட்டப்படி நகரத்துக்கு வெளியே வசித்தனர். பின்னர் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் அண்டைப் பஞ்சாயத்துகள் சிலவும் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. செயற்பாடு முன்னே சென்றது. சட்டத்தின் எல்லை பின்னே வந்தது.

3. ஒரு குடும்பத்துக்குப் பல மையங்கள்

செயற்பாட்டுப் பிரதேசம் ஒன்றே ஒன்று என்று எண்ணுதல் பிழை. காங்கேயத்துக்கு வடக்கே ஒரு விவசாயக் குடும்பத்தை எடுத்துக்கொள்க. அவர்கள் தேங்காய்ப் பருப்பைப் பெருந்துறை ஏலத்துக்கும், மஞ்சளை ஈரோட்டுக்கும் கொண்டுசெல்லலாம். மகன் திருப்பூரில் தையல் வேலைக்குச் செல்லலாம். கடும் வியாதி கண்டால் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியை நாடலாம். பட்டா காரியத்துக்குக் காங்கேயம் தாலுக்கா ஆபீசுக்குப் போகவேண்டும். ஒரே வீட்டிலிருந்து ஐந்து திசைகளில் ஐந்து இழைகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் எல்லை வேறு. ஆகவே, எக்காரியத்துக்காகத் திட்டமோ அக்காரியத்தின் இழையைப் பின்பற்றியே எல்லையை வரையவேண்டும்.

4. நொய்யல் நதியின் பாடம்

வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், கோயமுத்தூரையும் திருப்பூரையும் கடந்து, கரூர்ப் பக்கம் காவிரியிற் கலக்கிறது. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் இந்நதிக்குக் குறுக்கே கட்டப்பட்ட பாசன அணை 1992-இல் முடிவுற்றது. அப்போது திருப்பூர் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது; அணை பெரியார் ஜில்லாவில் இருந்தது; பாசனம் பெறவேண்டிய கரூர்ப் பகுதியோ திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் அடங்கியது. தொழில் ஒரு ஜில்லாவிலும், நீர்த்தேக்கம் மற்றொன்றிலும், வயல் மூன்றாவதிலுமாக இருந்தன. மூன்றையும் பிணைத்தது நதி ஒன்றே.

பருத்தித் துணியிற் சாயம் பிடிப்பதற்கு உப்பு மிகுதியாக வேண்டும். சாதாரணச் சுத்திகரிப்பு நிறத்தைக் குறைக்குமேயன்றி, நீரிற் கரைந்த உப்பை நீக்காது. அக்கழிவுநீர் நொய்யலில் விடப்பட்டு அணையில் தேங்கிற்று. நிலம் உவர் பிடித்தது. கிணற்று நீர் கெட்டது. எவருக்காக அணை கட்டப்பட்டதோ அவ்விவசாயிகளே அந்நீரைத் திறந்துவிடவேண்டாமென்று முறையிடும் நிலைமை உண்டாயிற்று.

இந்நஷ்டத்தைக் கணக்கிட்ட சுற்றுச்சூழல் இழப்பீட்டு ஆணையம், 68 கிராமங்களைச் சேர்ந்த 28,000-க்கு மேற்பட்ட விவசாயிகளுக்கு ஈட்டுத்தொகை உண்டென்று 2004-இல் தீர்மானித்தது. அந்த 68 கிராமங்களின் ஜாபிதாவும் ஒரு செயற்பாட்டுப் பிரதேசமே. கெடுதல் எதுவரை சென்றதோ அதுவரை அதன் எல்லை சென்றது. தொழில் வளர்ந்தபோதே இந்த எல்லை வரையப்பட்டிருப்பின், சாயநீருக்கு வழி செய்யும் செலவும் தொழிற் செலவில் சேர்ந்திருக்கும். வரையப்படாமையால் அச்செலவு, பனியன் தொழிலில் யாதொரு பங்குமில்லாத குடியானவர் தலையில் விழுந்தது.

விவசாயிகள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் கட்டளையிட்டது. 2011 ஜனவரியில் எழுநூறுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடுமாறு உத்தரவாயிற்று. சாயம் நின்றவுடன் பின்னலும் தையலும் தளர்ந்தன. கிராமங்களிலிருந்து கூலிக்குச் சென்றவரும் வேலையிழந்தனர். அணைக்குக் கீழே தண்ணீரையும், நகரத்தைச் சுற்றிக் கூலியையும் நம்பியவர்கள் ஒரே பிரதேசத்தவர் என்பது அப்போது யாவர்க்கும் விளங்கிற்று. பின்னர் கழிவுநீரைச் சற்றும் வெளிவிடாது, உப்பையும் நீரையும் பிரித்து மீண்டும் உபயோகிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கொண்டு தொழில் தொடர்ந்தது.

2009-இல் திருப்பூர் ஜில்லா ஏற்பட்டபின் சாயத் தொழிலும் ஒரத்துப்பாளையமும் ஒரே நிர்வாகத்துள் வந்தன. ஆயினும் கரூர்ப் பாசனக்காரர் இன்றும் அதற்கு வெளியிலேயே உள்ளனர். நதியை அனுசரித்துத் திட்டம் வகுத்தல் புதுமையன்று. வங்காளம், பீகார் ஆகிய இரு மாகாணங்களில் ஓடிய தாமோதர் நதிக்கென 1948-இல் ஒரே ஸ்தாபனம் நிறுவப்பட்டது இக்கருத்தினாலேயே.

5. சங்கங்கள் எல்லை வரையும் முறை

(அ) சங்கத்தின் ஒவ்வோர் அங்கத்தினர் குடும்பமும் விளைபொருள் விற்பனை, விதையும் உரமும், கூலி, உயர்தரப் பள்ளி, வைத்தியம், கடன் ஆகியவற்றுக்கு எந்த ஊருக்கு, மாதம் எத்தனை முறை செல்கிறது என்று ஜாபிதா எழுதுதல்.

(ஆ) பஸ்களும் கம்பெனி வண்டிகளும் எங்கிருந்து எங்கே, நாளொன்றுக்கு எத்தனை முறை ஓடுகின்றன என்று எண்ணுதல்.

(இ) தாலுக்காப் படத்தில் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒவ்வொரு வர்ணத்தில் கோடிடுதல். பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வேறொரு மையத்தை நாடத் தொடங்கும் இடமே அக்காரியத்துக்கு எல்லை.

(ஈ) கிராமத்துக்கு வரும் நீர் எவ்வழியாக வருகிறது, கிராமத்தின் கழிவு எவர் கிணற்றைச் சேர்கிறது என்று மேலும் கீழும் விசாரித்தல். இதனை எக்காரணத்தாலும் விட்டுவிடலாகாது.

(உ) ஒரே கோட்டுக்குள் அடங்கிய அயற் சங்கங்களோடு, அவை வேறு தாலுக்காவிலோ ஜில்லாவிலோ இருப்பினும், கூடிப் பேசி ஒன்றாக விண்ணப்பம் செய்தல்.

லாபம் சேரும் ஊர்களை மட்டும் எல்லைக்குள் அடக்கும் படம் அரைப் படம். அதே தொழிலால் நஷ்டம் சேரும் ஊர்களையும் அடக்கினாலன்றித் திட்டம் நிறைவு பெறாது.

சங்கக் கூட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. கிராமத்துக் குடும்பங்கள் எத்தனை மையங்களை நாடுகின்றன? அவற்றுள் தாலுக்காத் தலைநகர் எத்தனையாவது?

2. சென்ற பத்தாண்டுகளில் எந்த இழை புதிதாக உண்டாயிற்று? எது அறுந்தது?

3. கிராமத்தின் நீர்வழியில் மேலேயும் கீழேயும் உள்ள ஊர்கள் யாவை? அவ்வூர்ச் சங்கங்களோடு கடைசியாகக் கூடிப் பேசியது எப்போது?