பழைய ஸ்போர்ட்ஸ் காடி எடுக்கும் பிள்ளைகளுக்கு

ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன் நான். அப்பா பால்மரம் வெட்டினார். சனிக்கிழமை சாயங்காலம் துரை தன் திறந்த எம்ஜி காடியை எடுத்துக்கொண்டு எங்கள் லயத்தைத் தாண்டி மலாக்கா கிளப்புக்குப் போவார். செம்மண் தூசி அடங்கும்வரை பிள்ளைகள் நாங்கள் சாலையோரமே நிற்போம். பண்டா ஹிலிரில் 1912இல் கட்டிய அந்தக் கிளப் இன்று சுதந்திரப் பிரகடன நினைவகம். துரைமார் போய்விட்டார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. அந்தக் காடி மட்டும் என் மனசை விட்டுப் போகவில்லை. நாற்பது வயதில், 1970இல் செய்த எம்ஜிபி ஒன்றை வாங்கினேன். இன்றும் அது என் வீட்டில் இருக்கிறது.

இப்போது கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் சம்பாதிக்கிற நம் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, “ஐயா, ஒரு பழைய எம்ஜி பார்த்து வச்சிருக்கேன், வந்து பாருங்க” என்று கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

1. காடியைப் பார்க்கும் முன் அதன் பதிவு அட்டையை, கிராண்டைப் பார். அதிலுள்ள இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் காடியில் அடித்திருக்கும் எண்களோடு ஒத்துப்போக வேண்டும். டார்ச் அடித்து, துணியால் துடைத்து, ஒவ்வோர் எண்ணாக வாசி. எங்கேயோ கிடந்த இன்ஜினைத் தூக்கி வைத்து ஓட்டியிருப்பார்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பெயர் மாற்றப் போகும்போதுதான் தெரியும். எண் ஒத்துவராத காடி எவ்வளவு அழகாக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடு.

2. பெயிண்டைப் பார்த்து மயங்காதே, கீழே படுத்துப் பார். எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே முன்னும் பின்னுமாக ஓடுகிற சில் என்ற தகட்டுப் பெட்டிதான் காடியின் முதுகெலும்பு. மழைத்தண்ணீரும் செம்மண்ணும் உள்ளே போய்த் தங்கினால் அது உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சில்லின் அடிப்பக்கம் முழுக்க ஓட்டிப் பார். இரும்பு இருந்தால் ஒட்டும், புட்டி அடைத்திருந்தால் விழுந்துவிடும். பிறகு சில்லுக்கு அடியில் ஜேக் வைக்கும் இடத்தில் காடியைத் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பார். கதவு இடித்தாலோ, இடைவெளி சுருங்கினாலோ காடி நடுவில் வளைகிறது என்று அர்த்தம்.

நான் இதில் எதையும் செய்யாமல் வாங்கினேன். வெளி மாநிலத்துக் காடி, புதுச் சிவப்புப் பெயிண்ட், பளபளவென்று இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் தடவை ஜேக் போட்டுத் தூக்கியபோது கதவைத் திறக்கவே முடியவில்லை. தட்டிப் பார்த்தால், உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து மேலே புட்டி பூசியிருந்தார்கள். இரண்டு பக்கமும் வெட்டிப் புதுத் தகடு வைக்க ஒன்றரை வருஷம் ஆனது. அந்த ஒன்றரை வருஷமும் காடி மரக்கட்டை மேல்தான் நின்றது.

3. முதல் காடி அரிய காடியாக இருக்க வேண்டாம். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. அதனால் அதன் ஆணி, வாஷர், கண்ணாடி ரப்பர் வரைக்கும் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதன் 1798 சிசி இன்ஜின் நமக்கு அந்நியமும் இல்லை. எம்ஜிபிக்கு முந்திய எம்ஜிஏ 1955இல் அதே குடும்பத்து 1489 சிசி இன்ஜினோடு வந்தது. தமிழ்நாட்டுச் சாலைகளில் பல காலம் ஓடிய அம்பாசடரிலும் அதே குடும்பத்து 1489 சிசி இன்ஜின்தான். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் பிடிக்கும் என்றால் அதற்கும் சொந்தம் உண்டு. சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பிறப்பு; ஸ்பிட்ஃபயர் அந்த ஹெரால்டின் சேஸிஸை வைத்துச் செய்தது. இந்தியாவில் உனக்குச் சித்தப்பாவோ மாமாவோ இருந்தால், அந்த ஊர்ப் பழைய மெக்கானிக்கிடம் ஒருநாள் உட்கார்ந்து பேசு. புத்தகத்தில் இல்லாததைச் சொல்வார்.

4. வாங்கும் விலையில் பாதியைத் தனியே எடுத்து வைக்க முடியாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் பொறு. ஊழியர் சேமநிதிப் பணத்தில் இதற்காகக் கை வைக்காதே.

5. தெர்மோஸ்டாட்டைக் கழற்ற விடாதே. சூட்டு ஊர் என்று சொல்லி நம் பட்டறைகளில் முதலில் பிடுங்கி எறிவது அதைத்தான். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடித் தேயும். எம்ஜிபி செய்தவர்களே நம்மைப் போன்ற நாடுகளை நினைத்து 82 டிகிரிக்குப் பதிலாக 74 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டைச் சொல்லியிருக்கிறார்கள். அதைத் தேடிப் போடு. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றாதே, துருத்தடுப்பு மருந்து கலந்த கூலண்ட் ஊற்று. இன்ஜின் எண்ணெய், அதாவது மினியாக் ஹித்தாம், 20டபிள்யூ50 போதும். புதுக் காடிக்கான மெல்லிய எண்ணெய் இதற்கு ஆகாது.

6. ரப்பரைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். இதை நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் ரப்பர் பிள்ளைகள். டான் சாய் யான் என்பவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டது இந்த மலாக்காவில்தான். நம் தாத்தா பாட்டி வெட்டிய பால்தான் அந்தக் காலத்து டயராகவும் ஹோஸாகவும் போனது.

1990களின் தொடக்கத்தில் ஒருநாள் பெம்பான் பக்கம் வந்துகொண்டிருந்தேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் காடி இழுத்துப் பிடித்தது. கொஞ்ச தூரத்தில் முன்சக்கரம் இரண்டிலும் புகை. இறங்கித் தொடப் போனால் கை வைக்க முடியாத சூடு. முந்தின வாரம் ஒரு பட்டறையில் பிரேக் எண்ணெய் குறைகிறது என்று ஏதோ எண்ணெயை ஊற்றியிருந்தார்கள். வீட்டில் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் கப்பை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதை இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கினார், நகத்தால் கீறினார், மோந்து பார்த்தார். “எண்ணெய் குடிச்சு ஊதியிருக்குடா. ரப்பர் ஷீட்டில் இன்ஜின் எண்ணெய் சொட்டினா இப்படித்தான் கொழகொழன்னு போகும்” என்றார். காடி ஓட்டத் தெரியாத மனிதர். ஆனால் ரப்பர் அவருக்குத் தெரியும். மினரல் எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டாலும் பிரேக் ரப்பர் வீங்கும். வீங்கினால் பிரேக் விடாது. அன்றிலிருந்து பிரேக் எண்ணெய்ப் போத்தலை நானே வாங்கி, நானே திறந்து, நானே ஊற்றுகிறேன். அது காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்று.

டயருக்குப் பூவை, அதாவது மேலே உள்ள பள்ளக் கோடுகளைப் பார்க்காதே, வயதைப் பார். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பழைய காடி அதிகம் ஓடாததால் பூ அப்படியே இருக்கும், ரப்பர் செத்திருக்கும்.

7. மின்சாரக் கோளாறு என்று எல்லோரும் லூக்காஸ் கம்பெனியைத் திட்டுவார்கள். அதே லூக்காஸ், டிவிஎஸ்ஸோடு சேர்ந்து 1961இல் தொடங்கிய தொழில் சென்னையில் இன்றும் நடக்கிறது. நான் பார்த்தவரை பத்துக் கோளாறில் எட்டு, எர்த் கம்பி பாடியில் சேரும் இடத்தில் பிடித்த பச்சைக் களிம்புதான். உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினால் விளக்கு எரியும். ஒன்றை மட்டும் மறக்காதே: 1967க்கு முந்திய எம்ஜிபியில் பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம்தான் பாடியோடு சேரும். பழக்கத்தில் மாற்றி மாட்டினால் டைனமோவும் ரேடியோவும் கெட்டுப்போகக்கூடும்.

8. கார்புரேட்டருக்குக் காதைக் கொடு. எம்ஜிபியில் எஸ்யூ கார்புரேட்டர் இரண்டு. இரண்டும் ஒரே அளவு மூச்சு இழுக்க வேண்டும். ஒன்றரை அடி ரப்பர் குழாய் எடு. இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையை முதல் கார்புரேட்டர் வாயிலும் வை. ‘ஸ்ஸ்’ என்று ஒரு சீறல் கேட்கும். அப்படியே இரண்டாவதற்குக் கொண்டு போ. ஒன்று கனமாகவும் ஒன்று மெலிதாகவும் இருந்தால் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி மறுபடி கேள். இரண்டும் ஒரே குரலாகும்வரை அவசரப்படாதே. நான் இதை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில்தான் செய்வேன், சாலையில் லோரி சத்தம் தொடங்கும் முன்.

பிறகு கலவை. பிஸ்டனைத் தூக்கும் சின்ன ஊசியை மயிரிழை மேலே தள்ளு. இன்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே தளர்ந்தால் குறைவு. ஒரு நொடி கூடித் தன் நிலைக்கு வந்தால் சரி. மேலே உள்ள மூடியைத் திறந்து டேம்பரில் எண்ணெய் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார். அது வற்றினால் வேகம் கொடுக்கும்போது இன்ஜின் திக்கும். டியூனிங் போய்விட்டது என்று காசு வாங்குகிறவர்கள் பலர் அங்கே இரண்டு கரண்டி எண்ணெய்தான் ஊற்றுகிறார்கள்.

9. மண் தரையில் நிறுத்தாதே. மேலே பிளாஸ்டிக் கித்தான் போட்டு மூடினால் உள்ளே காடி வியர்க்கும். சும்மா விட்டதைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். சிமெண்ட் தரை, மேலே கூரை, நான்கு பக்கமும் காற்று. தஞ்சோங் கிளிங், கிளேபாங் பக்கம் கடலோரத்தில் வீடு இருந்தால் வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவு. நனைந்த துணி ஹூடை மடித்து வைக்காதே. எலி வயரைக் கடிக்கும், குளவி புகைபோக்கியில் மண்கூடு கட்டும். இரண்டையும் மாதத்துக்கு ஒருமுறை பார்.

10. வேகம் வேண்டுமென்றால் பந்தயத் தடத்துக்குப் போ. எழுபதுகளில் நம்மவர், பந்தயக்காரர் சன்னி ராஜா பத்து தீகாவில் ஓட்டினார் என்றால், அது அதற்கென்று போட்ட தடம். இந்தக் காடியில் ஏபிஎஸ் இல்லை, காற்றுப்பை இல்லை. முன்னால் போகும் மைவி காடி சட்டென்று நிற்கும். நீ நிற்க இன்னும் தூரம் வேண்டும். மெர்லிமாவ் வழியாக மூவார் போகும் பழைய சாலையில் மணிக்கு 70இல் போ, அந்த வேகத்திலேயே காடியின் சந்தோஷம் முழுக்கக் கிடைக்கும். ஆனால் ஓட்டாமல் மட்டும் வைக்காதே. வாரத்துக்கு அரை மணி நேரமாவது இன்ஜின் முழுச் சூட்டுக்கு வர ஓட வேண்டும். வாசலில் ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்தால் புகைபோக்கிக்குள் தண்ணீர்தான் தேங்கும்.

11. கம்பிச் சக்கரமானால் காடியின் பின்பெட்டியில் செம்புச் சுத்தியல் இருக்கட்டும். நடுநட்டு இடப்பக்கம் ஒரு திசையிலும் வலப்பக்கம் எதிர்த் திசையிலும் கழலும். அதன்மேலே அம்புக்குறி போட்டிருக்கும், அதைப் பார்த்து அடி.

12. சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் பண்ணாதே. பின்பக்கத்திலிருந்து பெட்ரோல் பம்ப் ‘டிக் டிக் டிக்’ என்று அடிக்கும். கார்புரேட்டர் நிறைந்ததும் நின்றுவிடும். அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிரு, பிறகு ஸ்டார்ட் பண்ணு. அரை நிமிஷம் ஆகியும் நிற்காவிட்டால் டாங்கியில் பெட்ரோல் இல்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது. சாவியை மூடு. பானெட்டைத் திற. டார்ச்சை எடுத்துக்கொண்டு கார்புரேட்டருக்குக் கீழே பார்.