வள்ளத்தில் இலிதியம் பற்றரி: மின்னேற்றியைச் சரிப்படுத்தும் முறை

கடலோரப் பங்குகளில் வாழும் எமது வாசகக் குடும்பங்கள் பலவற்றின் வள்ளங்களில் வெளிச்சத்துக்கும், ஜி.பி.எஸ். கருவிக்கும், மீன்காட்டிக்கும், வானொலித் தொடர்புக்கும் பற்றரியே ஆதாரம். நடுக்கடலில் இரவு வேளையில் அது ஓய்ந்துவிட்டால் வள்ளம் குருடாகிவிடும். பாரமான ஈய அமிலப் பற்றரியை விட்டு, பாரங் குறைந்த இலிதியம் பற்றரியைச் சிலர் வாங்குகின்றனர். பிறநாட்டிலுள்ள பிள்ளைகள் காசு அனுப்பி வாங்குவிப்பதும் உண்டு. விலையோ அதிகம். இவ்வளவு செலவழித்தபின், வீட்டிற் கிடந்த பழைய மின்னேற்றியையே அதற்கும் மாட்டிவிடுவதுதான் துன்பம். பற்றரிக்கும் குருவானவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போர், ஆண்டவர் முதலில் அழைத்தவர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

ஈய அமிலப் பற்றரி 1859இல் பிரான்சு நாட்டிற் பிறந்தது. இலிதியம் பற்றரி கடைக்கு வந்தது 1991இல். வள்ளங்களுக்கு ஏற்றதெனக் கருதப்படும் இலிதியம் இரும்புப் பொசுபேற்று வகை, அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜோன் குடினஃப் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது. அவர் 2019இல், தமது 97ஆம் வயதில், வேறு இருவரோடு இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். 2023இல் நூறு வயது நிறைந்தவராய் இறந்தார். தமது விசுவாச வாழ்வைப் பற்றித் தனியாக ஒரு நூலும் எழுதிய கிறிஸ்தவர் அவர். விஞ்ஞானம் படித்தால் விசுவாசம் போய்விடும் என்று அஞ்சும் பெற்றோருக்காக இதைச் சொல்லி வைக்கிறோம்.

இனிப் பாடத்துக்கு வருவோம். “இலிதியம்” என்று பெட்டியில் எழுதியிருப்பது மட்டும் போதாது. எந்த இலிதியம், உள்ளே எத்தனை கலங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன என்று அறியவேண்டும். இரும்புப் பொசுபேற்றுக் கலம் ஒன்றின் மேல் எல்லை 3.65 வோல்ற்று. நான்கு கலங்கள் சேர்ந்தால் 14.6. மடிக்கணினிகளிலும் மின் சைக்கிள்களிலும் பெரும்பாலும் காணப்படும் மற்ற வகைக் கலத்தின் எல்லை 4.2. அவற்றில் மூன்றைச் சேர்த்தும் “12 வோல்ற்று” என்று விற்கின்றனர். அதன் எல்லை 12.6 மாத்திரமே. இப்போது ஒரு கணக்கு. வழக்கமான கார்ப் பற்றரி மின்னேற்றி 14.4 வோல்ற்றுக் கொடுக்கும். அதை நான்கால் வகுத்தால் 3.6; இரும்புப் பொசுபேற்றுக்கு ஆபத்தில்லை. மூன்றால் வகுத்தால் 4.8! எல்லை 4.2 ஆன கலத்துக்கு அது தீயை மூட்டுவது போன்றது. பழைய பொதிகளைப் பிரித்து மலிவாகக் கட்டித் தரும் பற்றரிகளை வள்ளத்தில் ஏற்றவேண்டாம் என்று நாம் கண்டிப்பாகச் சொல்வது இதனாலேயே.

பற்றரிக்குள்ளே காவற் சுற்று இருக்கிறதே என்பர் சிலர். கடைக்காரர் பி.எம்.எஸ். என்று சொல்வது இதைத்தான். கலம் எல்லை மீறினாலும், அளவுக்கு மிஞ்சிக் காலியானாலும், மிகச் சூடானாலும் அது இணைப்பைத் துண்டித்துவிடும். நல்லதுதான். ஆனால் அது கடைசி வேலி. மின்னேற்றி செய்யவேண்டிய வேலையை நாள்தோறும் அதன் தலையிற் சுமத்தினால், ஒரு நாள் அந்த வேலியும் விழும்.

நான்கு கல இரும்புப் பொசுபேற்றுப் பற்றரியை எடுத்துக்கொள்வோம். மின்னேற்றும் உச்ச அழுத்தத்தை 14.2 முதல் 14.4 வோல்ற்று வரை வைக்கலாம். தயாரித்தவர் கொடுத்த தாளில் வேறு எண் இருந்தால், அத்தாளே அதிகாரம். உச்சத்தைத் தொட்டபின் அங்கே நெடுநேரம் பிடித்து வைத்திருக்க வேண்டியதில்லை. அரை மணி நேரம் போதும். ஈய அமிலப் பற்றரிக்குப் பல மணி நேரம் தேவைப்படும். அதன்பின் பழைய மின்னேற்றிகள் பற்றரியை எப்போதும் நிறைவாக வைத்திருப்பதற்காக ஒரு சிறு அழுத்தத்தைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருக்கும். ஈயம் குறையாகக் கிடந்தால் அதன் தகடுகளிற் கந்தகப் படிவு இறுகிவிடும். ஆகவே அதற்கு இது மருந்து. இலிதியத்துக்கோ அரைகுறையாகக் கிடப்பதால் நோயில்லை. வெயிலில் நிறைந்தபடியே கிடப்பதுதான் அதன் ஆயுளைக் குறைக்கும். ஆதலால் இக்கட்டத்தை நிறுத்திவிடுங்கள். நிறுத்த முடியாவிட்டால் 13.5க்கு மேற் போகவிடாதீர்கள்.

மிகவும் கவனிக்க வேண்டியது, சில மின்னேற்றிகள் தாமாகவே செய்யும் “சமப்படுத்தல்” அல்லது “பழுது நீக்கல்”. ஈயத் தகடுகளைச் சுத்தஞ் செய்ய 15.5, 16 வோல்ற்று வரை ஏற்றும் வேலை அது. இலிதியத்துக்கு அது ஒருபோதும் ஆகாது. நிறுத்தும் வழி இல்லாத மின்னேற்றியை ஈயப் பற்றரிக்கே விட்டுவிட்டு, புதிதொன்று வாங்குங்கள். வெப்பநிலைக்கேற்ப அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியையும் பூச்சியத்தில் வையுங்கள். அதுவும் ஈயத்துக்கு உரியது. ஓட்டத்தைப் பொறுத்தவரை, 100 அம்பியர் மணிப் பற்றரிக்கு 50 அம்பியரைத் தாண்டாமலிருப்பது நன்று. 20 அம்பியரே வீட்டுத் தேவைக்குத் தாராளம். சூரியத் தகட்டின் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் இதே எண்கள்தான். அதற்கு முதலில் பற்றரியை இணைத்துவிட்டே பிறகு தகட்டை இணைக்கவேண்டும்.

உள்ளிணைப்பு டீசல் இயந்திரமுள்ள வள்ளக்காரருக்கு இன்னொரு செய்தி. ஈயப் பற்றரி நிறைய நிறைய, ஓட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இலிதியம் அப்படியல்ல, நிறையும் தறுவாய் வரை கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும். இயந்திரத்திலுள்ள மின்பிறப்பாக்கி ஓய்வின்றி உழைத்துக் கருகிவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது காவற் சுற்று திடீரெனத் துண்டித்தால், போக்கிடமற்ற மின்சாரம் ஒரு கணம் பாய்ந்து உயர்ந்து, மின்பிறப்பாக்கியின் டயோட்டுகளையும் சில வேளை ஜி.பி.எஸ்., வானொலி ஆகியவற்றையும் கெடுத்துவிடும். இயந்திரத்தை இயக்கும் பற்றரி ஈயமாகவே இருக்கட்டும். அதிலிருந்து இலிதியத்துக்கு, அளவான ஓட்டத்தை மட்டும் கடத்தும் டீ.சீ. மின்னேற்றி ஒன்றை இடையில் வையுங்கள். நேர்முனைக் கம்பியில், பற்றரிக்கு மிக அருகில், தக்க உருகி ஒன்றும் கட்டாயம்.

விவேகமுள்ள கன்னியர் தம் எண்ணெயின் அளவை அறிந்திருந்தனர். வோல்ற்றுமானியைப் பார்த்து இலிதியத்தின் மீதியை அறிவது கடினம். பற்றரி முக்கால்வாசி இருந்தாலும் பாதி இருந்தாலும் ஊசி ஏறக்குறைய 13.2இலேயே நிற்கும், முடியும் தறுவாயிற் சடுதியாக விழும், காவற் சுற்று துண்டிக்க, எல்லா விளக்கும் ஒன்றாய் அணையும். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கணக்கிட்டுக் காட்டும் அம்பியர் மணிமானி பொருத்துவதே வழி. அது இல்லாதவர் கைவிளக்கொன்றும் சிறிய ஈயப் பற்றரி ஒன்றும் துணைக்குக் கொண்டுபோகவேண்டும்.

2019 செப்டம்பர் 2ஆம் திகதி அதிகாலை, கலிபோணியாக் கரைக்கப்பால் நங்கூரமிட்டிருந்த “கொன்செப்சன்” என்ற சுழியோடிகளின் படகு எரிந்து, கீழ்த்தளத்தில் உறங்கிய 34 பேர் இறந்தனர். தீ எதனால் மூண்டது என்று விசாரணைக் குழுவால் உறுதிப்படுத்த முடியவில்லை. ஆயினும் மேற்தளத்தில் அன்றிரவு பல பற்றரிகள் மின்னேற்றத்தில் இருந்தன என்பதும், இரவுக் காவலுக்கு ஒருவரும் விழித்திருக்கவில்லை என்பதும் வெளிவந்தன. எல்லோரும் உறங்கும் நேரத்தில், படுக்கும் இடத்தில் அல்லது பெற்றோல் கலன் அருகில் எந்தப் பற்றரியையும் ஏற்றவேண்டாம். உப்புத் தண்ணீரில் மூழ்கிய பற்றரி காய்ந்து நல்லதுபோல் தோன்றினாலும் மீண்டும் ஏற்றலாகாது. வீங்கியதும் அப்படியே.

வாடைக் காற்றில் வள்ளத்தைக் கரையேற்றி வைக்கும் மாதங்களில் பற்றரியைக் கழற்றி, பாதியளவு மின்னேற்றத்துடன் நிழலான, காய்ந்த இடத்தில் வையுங்கள். கம்பிகள் ஒன்றும் மாட்டியிருக்கக் கூடாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்து, 13 வோல்ற்றுக்குக் கீழே இறங்கியிருந்தால் சற்றே ஏற்றி வையுங்கள்.