ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளி

கேள்வி: தனியார் பள்ளியில் ஐந்தாவது முடித்த மகளை எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கலாமா? படிப்பைத் தவிர அங்கே வேறென்ன இருக்கிறது?
– ஒரு தாய், மன்னார்குடி

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம் அம்மா. ஆனால் இந்த ஆண்டே சேர்த்துவிடுங்கள். எட்டாவது முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். மருத்துவப் படிப்பில் 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வும் உண்டு. வருமான வரம்புக்குள் இருந்து தேர்வானால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும்.

படிப்புக்கு வெளியே? காலை வழிபாட்டுக் கூட்டத்தை ஒருநாள் நின்று பாருங்கள். நான் பார்த்த பள்ளியில், செய்தி வாசிக்க வந்த சிறுமியின் கையில் தாள் படபடவென ஆடியது. மூன்றாவது வரியில் குரல் நிமிர்ந்துவிட்டது. இறங்கிப் போகும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! கூச்சம் விட்டுப்போகிற இடம் அதுதான். சாரணர் இயக்கம், ஜே.ஆர்.சி. எனும் இளம் செஞ்சிலுவைச் சங்கம், 2022 முதல் நடக்கும், மாநில அளவு வரை போகும் கலைத்திருவிழா என்று மேடைகளுக்குக் குறைவில்லை.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா, மாணவியர் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். நீங்களும் அதில் சேர்ந்து, கூட்டத்தில் வாய்திறந்து கேளுங்கள்.