பாங்காக்கில் ஆபரேஷன், கோவையில் வழக்கு: நடக்குமா?

கேள்வி: எனக்கு 36 வயது, இரண்டு குழந்தைகளின் தாய். மார்பகத்தைச் சீரமைத்துப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சையை பாங்காக்கில் செய்துகொள்ள, சென்னையில் உள்ள ஒரு மருத்துவச் சுற்றுலா நிறுவனத்திடம் ரூ.4.60 லட்சம் பேக்கேஜுக்கு ரூ.1 லட்சம் முன்பணம் கட்டியிருக்கிறேன். ஒப்பந்தத்தில், 'நாங்கள் ஏற்பாட்டாளர்கள் மட்டுமே, சிகிச்சை குறித்த எந்த வழக்கும் தாய்லாந்து நீதிமன்றத்தில்தான்' என்று இருக்கிறது. கேட்டால், 'அது சும்மா ஃபார்மாலிட்டி மேடம், ஏதாவது ஆனா கோவையிலேயே கன்ஸ்யூமர் கோர்ட்ல கேஸ் போட்டுக்கலாம்' என்கிறார்கள். உண்மையா? கணவரின் கையெழுத்தும் வேண்டுமாம். அப்படிச் சட்டம் இருக்கிறதா?
- வாசகி, கோவை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கணவரின் கையெழுத்து வேண்டும் என்று இந்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. வயது வந்த பெண்ணின் உடலுக்கு அவருடைய சம்மதமே சம்மதம். சமீரா கோலி வழக்கில் (2008), மயக்க மருந்தில் இருந்த பெண்ணுக்காக அவருடைய தாய் கொடுத்த ஒப்புதலையே உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. இத்தனைக்கும் அந்தத் தாய் அறுவை அறைக்கு வெளியிலேயே இருந்தவர்.

இனி ஏஜென்ட் சொன்னதற்கு வருவோம். அது பாதி உண்மை. ஆபத்து சொல்லாத மீதிப் பாதியில்தான் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் பிரிவு 34, புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கும் உரிமையைத் தருகிறது. மருத்துவமும் ஒரு 'சேவை'தான் என்று வி.பி.சாந்தா வழக்கில் 1995-லேயே முடிவாகிவிட்டது. நீங்கள் கட்டும் தொகை ரூ.5 லட்சத்துக்குள் இருப்பதால் கோவை மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. ஆகவே மனு போடலாம். பாங்காக் மருத்துவமனை ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக உத்தரவும் வாங்கலாம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. உத்தரவை மதிக்காதவர்களுக்குப் பிரிவு 72-ன்படி மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. ஆனால் அதெல்லாம் இங்கே ஆளும் சொத்தும் இருப்பவர்களிடம்தான் பலிக்கும். வெளிநாட்டுத் தீர்ப்புகளைத் தாய்லாந்து நீதிமன்றங்கள் நேரடியாக நிறைவேற்றுவதில்லை. அங்கே புதிதாக வழக்குப் போட்டு, இங்கே வாங்கிய தீர்ப்பை ஒரு சாட்சியமாகக் காட்டலாம், அவ்வளவுதான். தீர்ப்பு கையில் இருந்தும் ஒரு பைசா வசூலிக்க முடியாத நிலை வரலாம் என்பதை அந்த 'ஃபார்மாலிட்டி' மேதாவி உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

இது ஏதோ இந்தியா, தாய்லாந்து இரண்டுக்கும் இடையிலான சிக்கல் என்று நினைக்க வேண்டாம். பிரான்ஸின் பிஐபி நிறுவனம் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மலிவு சிலிக்கோனை மார்பக இம்ப்ளான்ட்டுகளில் நிரப்பி உலகெங்கும் விற்றது. 2010-ல் குட்டு வெளிப்பட்டது, நிறுவனம் திவாலானது, நிறுவனர் சிறைத் தண்டனை பெற்றார். அந்த இம்ப்ளான்ட்டை ஜெர்மனியில் பொருத்திக்கொண்ட ஒரு பெண், பிஐபி-யின் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கேட்டார். பாலிசியோ பிரான்ஸ் எல்லைக்குள் நேர்ந்த பாதிப்பை மட்டும் ஏற்பதாக எழுதப்பட்டிருந்தது. அந்த நிபந்தனையை, நாட்டுரிமை அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்ற ஐரோப்பிய விதியைக் காட்டி வீழ்த்த முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2020 ஜூனில் சொல்லிவிட்டது. பொதுச் சந்தையும் பொது நீதிமன்றமும் உள்ள பக்கத்து நாடுகளுக்குள்ளேயே கதை இப்படி என்றால், கோவைக்கும் பாங்காக்குக்கும் இடையில் எதை நம்புவது?

'அப்படியானால் தாய்லாந்திலேயே வழக்குப் போட்டால் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அது சட்டமில்லாத ஊர் அல்ல. 2008-ல் அங்கே வந்த நுகர்வோர் வழக்கு நடைமுறைச் சட்டம் நோயாளிக்கு நீதிமன்றக் கட்டண விலக்குத் தருகிறது. மருத்துவமனைக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களை மருத்துவமனைதான் நிரூபிக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஆவணங்களைத் தாய்லாந்து மொழியில் பெயர்த்துத் தர வேண்டும், அங்குள்ள வக்கீலை அமர்த்த வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது காலக்கெடு. நம் நுகர்வோர் சட்டத்தில் இரண்டு ஆண்டு அவகாசம். தாய்லாந்து உரிமையியல் சட்டத்தில், தவறிழைப்புக்கான இழப்பீட்டைத் தவறும் அதைச் செய்தவரும் தெரிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேட்டாக வேண்டும். இங்கே இரண்டு ஆண்டு இருக்கிறதே என்று நிதானமாக இருப்பவருக்கு, பணம் இருக்கும் இடத்தின் கதவு முதல் ஆண்டிலேயே சாத்தப்பட்டுவிடலாம்.

ஆக, நிஜமாகவே கைக்கு எட்டும் எதிர்மனுதாரர் சென்னை நிறுவனம்தான். அவர்களுடைய வாதம் என்னவாக இருக்கும் என்பதும் தெரிந்ததே: இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 230-ன்படி, முதலாளிக்காக ஒப்பந்தம் செய்யும் முகவர் பொதுவாகத் தனிப்பட்ட பொறுப்பாளி அல்ல. இந்த வாதத்தில் வலு இருக்கிறது. சர்ஜனின் கத்தி தவறியதற்கு ஏஜென்டைப் பொறுப்பாக்குவது கடினம் என்றே நானும் சொல்வேன். ஆனால் அவர்கள் விற்றது தங்கள் சொந்தச் சேவையை. மருத்துவரைத் தேர்ந்து சொன்னது, தகவல் தந்தது, பணம் வாங்கியது எல்லாம் அவர்கள் வேலை. தெரிந்தே முக்கியமான தகவலை மறைப்பதும் 'சேவைக் குறைபாடு' என்று 2019 சட்டத்தின் பிரிவு 2(11) சொல்கிறது. அதற்கு அவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். 'ஏற்பாட்டாளர் மட்டுமே' என்ற ஒரு வரி இந்தப் பொறுப்பைத் துடைத்துவிடாது. தாய்லாந்து நீதிமன்ற நிபந்தனையைக் காட்டி அவர்கள் தப்பிக்கப் பார்த்தால், நுகர்வோர் சட்டம் மற்ற சட்டங்களுக்குக் கூடுதலானது என்ற பிரிவு 100 நமக்குத் துணை.

மருத்துவமனைக்கு ஜே.சி.ஐ. என்ற சர்வதேச அங்கீகாரம் இருக்கிறதே என்பார்கள். நல்லதுதான். அது மருத்துவமனையின் நடைமுறைத் தரத்துக்கான சான்று, உங்கள் இழப்பீட்டுக்கான உத்தரவாதம் இல்லை. இன்ஷூரன்ஸையும் நம்ப வேண்டாம். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு போன்ற காரணங்கள் இல்லாத அழகியல் சிகிச்சையை நம் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகள் விலக்கியே வைத்திருக்கின்றன. இம்ப்ளான்ட்டும் ஆயுள் முழுக்க நிற்கும் பொருள் அல்ல என்று அமெரிக்க மருந்து நிர்வாகமே எச்சரிக்கிறது. மறு அறுவைக்கு யார் பணம் தருவது, விமானச் செலவு யாருடையது என்பது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் கையில் இன்னும் ரூ.3.60 லட்சம் இருக்கிறது. அதுதான் உங்கள் பலம். அதைக் கட்டுமுன் ஏஜென்டின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்குங்கள். சர்ஜனின் பெயர், அவருடைய பதிவு எண், இம்ப்ளான்ட்டின் பிராண்ட், மறு அறுவைச் செலவை ஏற்பது யார், பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும் என்பவை அதில் இருக்க வேண்டும். இந்த நிறுவனம்தான் எங்கள் இந்தியப் பிரதிநிதி என்று மருத்துவமனையிடமிருந்து இன்னொரு கடிதம். மருத்துவமனைக்கே இந்தியாவில் கிளை அலுவலகம் இருந்தால் உங்கள் நிலை இன்னும் வலுவாகும். வாட்ஸ்அப்பில் பேசியதை ஸ்கிரீன்ஷாட்டோடு விடாமல் அந்த போனையே பத்திரமாக வைத்திருங்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-ன்படி சான்றிதழோடு தாக்கல் செய்ய அது உதவும். அறுவை முடிந்ததும் இம்ப்ளான்ட் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். தயாரிப்பாளர் பெயர், லாட் எண், சீரியல் எண் மூன்றும் அதில்தான் இருக்கும். அது இல்லாமல், உங்கள் உடலில் இருப்பது எந்த நிறுவனத்தின் பொருள் என்று நிரூபிப்பதே பெரும்பாடு.

இந்த இரண்டு கடிதங்களையும் தர அவர்கள் மறுத்தால், முன்பணத்தைத் திரும்பக் கேட்டு எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு, கோவை ஆணையத்துக்கு வாருங்கள். இந்த ஒரு லட்சத்துக்கான வழக்கில் எதிர்மனுதாரர் சென்னையில் இருக்கிறார்.