வனப் பாதுகாப்புப் பணிக்கு வழி

வைகை உற்பத்தியாகும் வருசநாட்டு மலைகளை நித்தமும் கண்டு வளரும் மயிலாடும்பாறை மாணவர்கள், 2021-இல் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் அருகே வாழும் பாக்கியத்தையே தங்கள் ஜீவனத்துக்கும் தேச சேவைக்கும் அஸ்திவாரமாக்கிக்கொள்ளலாம்.

● பன்னிரண்டாம் வகுப்பில் விஞ்ஞானம் பயின்றோர், மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் வனவியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

● விலங்கியலிலோ தாவரவியலிலோ பட்டம் பெற்றபின், மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலோ டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்திலோ முதுநிலை பயிலலாம்.

● இந்திய வனப்பணியை நாடுவோருக்கு 21 வயது நிரம்பியிருத்தல் அவசியம். அதன் முதல்நிலைத் தேர்வு, குடிமைப்பணித் தேர்வோடு பொதுவாகவே நடைபெறுகிறது.

● மூல வைகைக் கரையில் காணும் பறவைகளையும் மரங்களையும், தேதி, நேரம், இடம் ஆகியவற்றோடு இன்றிலிருந்தே நோட்டில் குறித்து வாருங்கள். இவ்வப்பியாசமே ஆராய்ச்சிக்கு ஆரம்பப் பாடம்.

● வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுக்குள் பிரவேசிக்கலாகாது.