திருவள்ளூரில் மால்ட் பார்லி விளையுமா?

கேள்வி: பார்லி உவர் மண்ணையும் தாங்கும் என்கிறார்கள். மாவட்டத்திலேயே பீர் ஆலையும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் மால்ட் பார்லி போடலாமா?
- வாசகர், பொன்னேரி

பதில்: பயிர் முளைக்கும், ஆனால் ஆலை கேட்கும் மணி கிடைக்காது. மால்ட்டுக்கு மணி பருத்திருக்க வேண்டும். புரதம் ஏறக்குறைய 9 முதல் 11 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். பால்பிடிக்கும் நேரத்தில் வெயில் ஏறினால் மணி சூம்பும், மாவுச்சத்து குறையும், புரதம் கூடும், பீர் கலங்கலாகும். கர்னாலில் உள்ள கோதுமை, பார்லி ஆராய்ச்சி நிறுவனத்தின் இரண்டு வரிசைக் கதிர் மால்ட் ரகங்கள் வடமேற்குச் சமவெளியின் நீண்ட குளிர்காலத்தை நம்பியே உருவானவை. நமக்கு அந்தக் குளிர் இல்லை. உவரைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே விதைக்கும் நவம்பரில் இங்கே வடகிழக்குப் பருவமழை. தேங்கும் நீரை பார்லி தாங்காது. மழை விட்டபின் விதைத்தால் கதிர் முற்றும்போது கோடை வந்துவிடும்.

நீலகிரியில் படுகர்கள் பார்லி விளைவித்தார்களே என்று கேட்கலாம். அது மலைக்குளிரின் கொடை, பொன்னேரிக்குப் பொருந்தாது. வெப்பநாட்டுக்கு வேறு வழி உண்டு. 1988இல் பார்லி மால்ட் இறக்குமதியைத் தடைசெய்த நைஜீரியாவில் ஆலைகள் சோளத்துக்கு மாறின. நம் கேழ்வரகும் நன்றாக முளைகட்டும். அதற்குச் சத்துமாவுச் சந்தையும் இருக்கிறது. சோதனைக்கு ஒதுக்கும் நிலத்தில் அவற்றைப் போடுங்கள்.