கரிசல் வரை வந்த ஆபத்து

கேள்வி: முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியில் பிறந்த மக்களாட்சியை ஹிட்லர் விழுங்கிவிட்டார். இரண்டாம் போர் முடிந்த கையோடு விடுதலை பெற்ற நமக்கு அப்படியொரு ஆபத்து வரவில்லையா?
— வாசகர், கோவில்பட்டி

பதில்: வந்தது. உங்கள் கரிசல் வரைக்கும் வந்தது.

1948 ஜனவரி 30 அன்று மதவெறி காந்தியைக் கொன்றது. அடுத்த மாதமே கல்கத்தாவில் கூடிய கம்யூனிஸ்ட் கட்சி, கிடைத்த சுதந்திரம் பொய் என்று சொல்லி ஆயுதப் பாதைக்குத் திரும்பியது. நெல்லைச் சீமையில் தோழர்கள் தலைமறைவானார்கள். அவர்கள் மீது நெல்லை சதி வழக்கு வந்தது. இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன்கூட அதில் சிக்கினார்.

அந்தப் பாதை தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் அரசு நடந்துகொண்ட விதம் இன்னும் பதறவைக்கிறது. பிடிபட்ட தோழர் நல்லகண்ணுவின் மீசையைப் போலீஸ் அதிகாரி சிகரெட் நெருப்பால் பொசுக்கினார். 1950 பிப்ரவரி 11ல் சேலம் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் செத்தார்கள். குடியரசு பிறந்து அப்போது 16 நாள்தான். கம்பிக்குள் கிடந்தவர்களைச் சுட்டதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

நம்மைக் காப்பாற்றியவை வேறு. இடதுசாரி ஏடான ‘கிராஸ் ரோட்ஸ்’ மீது சென்னை அரசு போட்ட தடையை அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1951ல் கட்சி ஆயுதத்தைக் கைவிட்டது. அடுத்து வந்த முதல் பொதுத்தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 62 இடங்களைப் பிடித்தது. பின்னாளில் உங்கள் ஊரே கம்யூனிஸ்ட் சோ. அழகர்சாமியைப் பலமுறை சட்டமன்றத்துக்கு அனுப்பியதே!